ஜவ்வாது மலை மிஷன் கிளினிக்கில் ஐந்து நாள்: என்ன மருந்து, எவ்வளவு, யாரை எங்கே நிறுத்துவது?

தாம்பரம்_வாலிபர் கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்திலிருந்து 22 பேர் பொங்கல் கழிந்த வாரம் ஜவ்வாது மலைக்குப் போகிறோம். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன மிஷன் கிளினிக். இரண்டு அறை, ஒரு வராண்டா, மருந்து வைக்க ஒரு மர அலமாரி. அங்கேயே தங்கியிருப்பவர் சிஸ்டர் ஒருவர்தான். டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கீழேயிருந்து ஏறி வருவார்.

இரண்டு நாள் இரண்டு கிராமங்களில் இலவச மருத்துவ முகாம், மூன்று நாள் கிளினிக்கிலேயே உதவி என்று திட்டம். எங்களில் எம்பிபிஎஸ் டாக்டர்கள் 2, பல் டாக்டர் 1, பார்மசிஸ்ட் 1, இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவிகள் 3. மீதி 15 பேர் ஐடி, காலேஜ், ஒரு எலக்ட்ரீஷியன்.

மருந்துக்கு 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். சபையில் நான்கு பெட்டி சாம்பிள் மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 300 பேரைப் பார்த்துவிடலாம் என்று கமிட்டியில் சொல்கிறார்கள், நடக்குமா? என்ன மருந்து எவ்வளவு எடுப்பது? மருத்துவம் படிக்காதவர்களுக்கு என்ன வேலை? ஜெபம் எப்போது, எங்கே? அமெரிக்காவிலிருந்து ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கும் ஒரு அண்ணன், தன் நண்பரான அமெரிக்க நர்ஸ் ஒருவரோடு வருகிறேன் என்கிறார். அதற்குத் தனியாக ஏதாவது செய்யணுமா?

---

மலையடி_மருத்துவர் எழுதியது:

300 நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நோய் கேட்டு, தொட்டுப் பார்த்து, சீட்டு எழுத ஒருவருக்கு ஆறு நிமிடம். மணிக்குப் பத்துப் பேர். காலை 9.30 முதல் 1 மணி, பிறகு 2 முதல் 4.30 என்றால் ஆறு மணி நேரம். இரண்டு டாக்டருக்கும் சேர்த்து 120. டோக்கன் 110 போதும், மீதி பத்து இடம் வரிசையைத் தாண்டி வரவேண்டியவர்களுக்கு. அதற்கு மேல் டோக்கன் போனால் மதியத்துக்கு அப்புறம் "என்ன பண்ணுது, சரி இந்தா" என்று மாத்திரை அள்ளிக் கொடுப்பதுதான் நடக்கும். நாலரைக்கு முடிப்பதிலும் காரணம் இருக்கிறது. பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் இருட்டுக்கு முன்னால் வீடு சேரணும்.

முகாமைப் புதன், வியாழனில் வையுங்கள். மறுநாள் வெள்ளி, கிளினிக் டாக்டர் வரும் நாள். சந்தேகமான கேஸ் எல்லாவற்றையும் அவருக்கே சீட்டு எழுதி "வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு வாங்க" என்று அனுப்பலாம். திங்கள், செவ்வாயில் முகாம் போட்டுவிட்டு வெள்ளி சாயந்திரம் ஊர் திரும்புகிற குழுக்கள் இந்தச் சின்ன விஷயத்தில்தான் கோட்டை விடுகின்றன. தேதியை முடிவு செய்யும் முன் சிஸ்டரிடம் சந்தை நாளும் நூறு நாள் வேலை நடக்கும் நாளும் கேளுங்கள். அந்த நாட்களில் கிழவர்களும் குழந்தைகளும்தான் வருவார்கள்.

இரண்டாவது, முகாமில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் புதிதாக மாத்திரை ஆரம்பிக்காதீர்கள். பதினைந்து நாள் மாத்திரை கொடுத்தால் பதினாறாவது நாள் அவர் யாரிடம் போவார்? ஒருநாள் பார்த்த 150/90ஐ வைத்து அம்லோடிபின் எழுதுவதே தப்பு. அளவைச் சீட்டில் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே உறுதியானால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுப்பார். உங்கள் 80,000 ரூபாயால் அதைச் செய்யமுடியாது. விதிவிலக்கு, 180/110க்கு மேல் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலவீனம் ஏதாவது சேர்ந்து வந்தால். அது 108க்கான கேஸ். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு, தீர்ந்துபோய் நிற்பவருக்கு அதே மாத்திரையை அடுத்த தடவை வாங்கும் நாள் வரை தரலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, இருமல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயந்திரக் காய்ச்சல், எடை குறைவு என்று யார் சொன்னாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அவருக்கு லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவை டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். ஒரு வாரம் நன்றாக இருப்பது போலத் தெரியும், சளியில் கிருமி அகப்படாமல் போகும், நோய் இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் தெரியவரும். இந்த இரண்டு மருந்தையும் பெட்டியிலேயே வைக்காமல் போவது நல்லது. டிபி உறுதியானால் மருந்து அரசாங்கத்தில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 அக்டோபர் வரை அது 500. பாஸ்புக் இல்லாதவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிறிய அல்லது செந்நிறப் படை, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் தேமல் மருந்து தடவ வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியவில்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம், பரிசோதிக்க அனுப்பவேண்டும். "குஷ்டம்" என்ற சொல்லை வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி சொல்லவே கூடாது.

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் நடத்திய சாலையோர மருத்துவம் பற்றி எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. அது வாரா வாரம், அதே நாள், அதே மரத்தடி. போன வாரம் கட்டிய கட்டை இந்த வாரம் அவிழ்த்துப் பார்த்தார்கள். உங்களால் வாரா வாரம் ஏற முடியாது, சிஸ்டர் அங்கேயே இருக்கிறார். அதனால் சீட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் அவரிடம் போகணும். கார்பன் வைத்த பில் புத்தகம் நாலு வாங்கிக்கொள்ளுங்கள், அச்சடித்த பெரிய படிவம் தேவையில்லை.

---

மருந்துக்கட்டு எழுதியது:

முதலில் அந்த நான்கு பெட்டி சாம்பிள். தரையில் கொட்டி மூன்றாகப் பிரிக்கவும். காலாவதிக்கு ஆறு மாதத்துக்குள் இருப்பவை ஒரு பக்கம். பாதி வெட்டிய அட்டைகள் இன்னொரு பக்கம், பெயரோ தேதியோ இல்லாத அட்டை மருந்தே இல்லை. மிச்சத்தில் ஒரே மருந்து பத்து கம்பெனிப் பெயரில் இருக்கும், அதுதான் பெரிய ஆபத்து. ஒரு பாட்டிக்கு வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று இரண்டு அட்டை போகும், இரண்டுக்குள்ளும் இருப்பது பாராசிட்டமால். என் யோசனை, சாம்பிளை மலைக்கே ஏற்றாதீர்கள். சபையில் டாக்டர்கள் இருந்தால் அவர்கள் கிளினிக்குக்குப் போகட்டும், மீதியைப் பொட்டலமாக்கி மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ அழிக்கக் கொடுங்கள். குப்பையில் போடவேண்டாம்.

வாங்குவதை ஜெனரிக் பெயரில் (கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில்), ஒரு மருந்துக்கு ஒரே கம்பெனி, ஒரே பலம் என்று மொத்தக் கடையில் பில்லோடு வாங்குங்கள். இரண்டு நாளுக்கு 240 பேர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய இப்படி வரும்: பாராசிட்டமால் 500 மி.கி. 1,000 மாத்திரை, அலர்ஜிக்குச் செட்டிரிசின் 10 மி.கி. 300, வயிற்றுப் பூச்சிக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. 150, வயிற்றெரிச்சலுக்கு ஏதாவது ஒன்று 500, ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட் 100, துத்தநாக மாத்திரை 20 மி.கி. 300, பூஞ்சைப் படைக்கு க்ளோட்ரிமசோல் களிம்பு 15 கிராம் 40, சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு 30 கிராம் 60 டியூப். ஆன்டிபயாடிக்கில் அமாக்சிசிலின் வேண்டுமானால் கொஞ்சம், ஒரு ஆளுக்கு ஐந்து நாள் கணக்கு முழுதாக வருகிற மாதிரி. மூன்று நாளுக்குத்தான் கையில் இருக்கிறது என்றால் ஆரம்பிக்கவே கூடாது. இரும்புச்சத்து மாத்திரை மூட்டையாக வாங்காதீர்கள், கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். அவர் கையால் வாங்கினால்தான் அடுத்த மாதமும் வாங்குவார்கள்.

பெர்மெத்ரின் ஏன் 60? சிரங்கு ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் இருக்காது. சொறிகிற பையனுக்கு மட்டும் ஒரு டியூப் கொடுத்தால் பத்தாம் நாள் அம்மாவிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். பெரியவருக்கு ஒரு முறைக்கு 30 கிராம், குழந்தைக்குப் பாதியோ அதற்கும் குறைவாகவோ. ஏழு நாள் கழித்து இன்னொரு முறை தடவணும். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இரண்டு முறைக்கும் சேர்த்து ஏழு டியூப் போய்விடும். 60 டியூபில் எட்டு வீடுதான் தேறும். எட்டு வீட்டை முழுதாக முடிப்பது அறுபது வீட்டுக்கு ஆளுக்கொன்று கொடுப்பதைவிட மேல். சாயந்திரம் குளித்துத் துடைத்து, உடம்பு ஆறியபின் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை. விரலிடுக்கு, அக்குள், தொப்புள், இடுப்புக் கயிறு இருக்கும் இடம், நகத்தடி எதுவும் விடக்கூடாது. எட்டு முதல் பதினான்கு மணி நேரம் கழித்துக் காலையில் கழுவலாம். கை கழுவிச் சோறு சாப்பிட்டுவிட்டால் கைக்கு மறுபடி தடவணும், இதைச் சொல்ல எல்லாரும் மறப்பார்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது வேண்டாம். அன்று உடுத்திய துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடவும். துவைக்க முடியாத கம்பளியை யூரியா சாக்கு மாதிரி ஏதாவதில் கட்டி மூன்று நாள் மூடி வைத்தால் போதும். சிரங்குப் பூச்சி ஆள் உடம்பில்லாமல் அதற்கு மேல் தாக்குப்பிடிக்காது. சிகிச்சைக்கு அப்புறமும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். முன்கூட்டியே சொல்லவில்லையென்றால் மருந்து கேட்கவில்லை என்று தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

குழந்தைகளுக்குப் பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 250 மி.கி. என இரண்டு பலம் விற்கிறது. ஒன்றை மட்டும் வாங்குங்கள். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வேண்டும். 120 பலத்தில் அது 6 மி.லி., 250 பலத்தில் 3 மி.லி. பாட்டில் மாறினால் இரட்டிப்பு டோஸ். அளவு மூடியில் கோடு சரியாகத் தெரியாது, 5 மி.லி. ஊசியில்லா சிரிஞ்சு ஒன்றைக் கூடவே கொடுத்து, பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். சளி, இருமல் சிரப் எதுவும் எடுக்கவேண்டாம். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக்கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லேபிளில் அச்சடிக்கச் சொல்லிவிட்டது.

ஓஆர்எஸ்ஸில் ஒரு லிட்டர் பாக்கெட்டும் 200 மி.லி. பாக்கெட்டும் கலந்து எடுக்காதீர்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிப் பேதி இன்னும் கூடும். ஒரு லிட்டர் காலி தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், அதில் கரைத்துக் காட்டுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. துத்தநாகம் 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழ் 2 மாதம் வரை 10 மி.கி., பேதி நின்றாலும் 14 நாள்.

பூச்சி மாத்திரை கொடுக்கும்முன் பள்ளியில், அங்கன்வாடியில் கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். 1 முதல் 2 வயது வரை பாதி மாத்திரை. சின்னதுகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான், அழுகிற குழந்தையின் வாயில் முழு மாத்திரை திணித்தால் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் கிடையாது, அதனால் "தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சு?" என்று பெண் தன்னார்வலர் ஒருவர் தனியாகக் கேட்கணும்.

மாத்திரை உறைமேல் காலைக்குப் பாதி சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. கீழே மருந்தின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். மாத்திரை கொடுக்கும் கை வேறு, சொல்லிக்கொடுக்கும் வாய் வேறாக இருக்கட்டும். இரண்டாமவர் உறையைத் திருப்பிக் காட்டி "எப்பப்போ சாப்பிடுவீங்க, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பணும். டாக்டர் எழுதாத எதையும் மருந்து மேசையிலிருந்து கொடுக்கமுடியாது. "சத்து மாத்திரைதானே" என்றாலும் அப்படித்தான்.

---

ஓய்வுபெற்ற_ஸ்டாஃப்நர்ஸ் எழுதியது:

தம்பி, படிக்காத 15 பேர்னு சொல்றீங்களே, முகாம் ஓடறதும் நிக்கறதும் அவங்க கையிலதான். மூணு பேர் பதிவு, ரெண்டு பேர் வரிசை, ரெண்டு பேர் எடை உயரம், ரெண்டு பேர் டாக்டர் மேசைக்கு ஆள் அனுப்ப, ரெண்டு பேர் உறை எழுத, ஒருத்தர் தண்ணி, ஒருத்தர் குழந்தைங்களைப் பார்த்துக்க. எலக்ட்ரீஷியனைக் கிளினிக்கிலேயே விட்டுடுங்க, அவருக்கு அங்க வேற வேலை இருக்கு. ஒருத்தரைச் சும்மா வைங்க, யாராவது ஓய்ஞ்சா மாத்த.

வரிசையில நிக்கறவங்க மட்டும் ஒரு விஷயம் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், யாரை உடனே உள்ள அனுப்பணும்னு. பால் குடிக்காத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, எழுப்பினா எழாத குழந்தை, எல்லாத்தையும் வாந்தி எடுக்கற குழந்தை. கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, தலைவலியோட கண் மங்கல். நெஞ்சுவலி. மூச்சு வேகத்தைச் சட்டையைத் தூக்கி ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கறது வேண்டாம். 2 மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40. அதுக்கு ஈடாவோ மேலயோ போனா டோக்கன் பார்க்காம உள்ள விடுங்க.

பிரஷர் பார்க்கற இடத்துல நாலு நாற்காலி போடுங்க. மலையேறி வந்த ஆளை உட்கார வைக்காமலே பட்டி சுத்தினா எல்லாருக்கும் 150தான் வரும். அஞ்சு நிமிஷம் உட்காரணும், முதுகு சாஞ்சு, கால் தரையில, கை நெஞ்சு உயரத்துல. பேசக்கூடாது. மூத்திரம் அடக்கிட்டிருந்தாலும் ஏறும். பட்டிக்குள்ள இருக்கற ரப்பர் பை கை சுத்தளவுல 80 சதவீதமாவது சுத்தணும், சின்னப் பட்டியைப் பருத்த கையில கட்டினா கூட காட்டும். 140/90க்கு மேல இருந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை, ரெண்டு அளவையும் எழுதுங்க.

சர்க்கரை பார்க்கறதுல நடக்கற பெரிய கூத்து விரல்தான். மலையில பழம் பறிச்ச கை, தேன் தொட்ட கை, வெல்லம் போட்ட காபி குடிச்ச கை. ஸ்பிரிட்டால துடைச்சாலும் இனிப்பு முழுசாப் போகாது, 110 இருக்கறவருக்கு 260 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவித் துணியால துடைச்சு, முதல் சொட்டைப் பஞ்சுல எடுத்துட்டு ரெண்டாவது சொட்டு. நுனியில குத்தாதீங்க, பக்கவாட்டுல குத்துங்க, நாளைக்குக் களை எடுக்கற கை அது. ஸ்ட்ரிப் டப்பாவை ஒவ்வொண்ணா எடுத்த உடனே மூடணும், ஈரக்காத்து பட்டா போச்சு. ஜனவரிக் காலைக் குளிர்ல மெஷின் 10 டிகிரிக்குக் கீழ போனா தப்புன்னு காட்டும், சட்டைப் பாக்கெட்ல வைச்சுச் சூடு பண்ணிக்கோங்க. எல்லாருக்கும் பார்க்க வேண்டாம். 30 வயசுக்கு மேல, இல்லாட்டி டாக்டர் கேட்டா. 150 ஸ்ட்ரிப் வாங்கினா தாராளம்.

ஊசி முனை ஒருத்தருக்கு ஒண்ணு. பேனா மாதிரி குத்தற கருவி வீட்டுக்குத்தான், முகாமுக்கு ஆகாது. குத்தினதும் தானா உள்ள இழுத்துக்கற வகை கிடைக்கும், அதை வாங்குங்க. மூடியைத் திரும்பப் போடாதீங்க, நேரா வெள்ளை டப்பாவுல. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில, கையுறை சிவப்புப் பையில. 2016 மருத்துவக் கழிவு விதி முகாமுக்கும் பொருந்தும். கிளினிக்கோ ஆரம்ப சுகாதார நிலையமோ கழிவு வண்டியில சேர்த்து அனுப்பும்னு முன்னாடியே பேசி வைங்க. சாயந்திரம் குழி தோண்டி எரிச்சுட்டு வர்ற பழக்கம் வேண்டாம், மறுநாள் ஆடு மேய்க்கற பசங்க கிளறுவாங்க.

ஊசியைக் கையில குத்திக்கிட்டா சோப்பும் ஓடற தண்ணியும். பிதுக்கக்கூடாது, வாயில வைக்கவே கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கறது நல்லது, 72 மணிக்கு மேல பிரயோஜனம் இல்ல. எந்த அரசு ஆஸ்பத்திரியில கிடைக்கும்னு சிஸ்டர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வைங்க, மலை மேல சிக்னல் தேடிக்கிட்டு அலைய வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸுக்கு ஆறு மாசம் ஆகும், இப்ப ஆரம்பிச்சா அதுக்குள்ள முடியாது. அதனால ஏற்கெனவே போட்டவங்க மட்டும் ரத்தம் தொடற மேசையில உட்காரட்டும். நர்சிங் பொண்ணுங்க டாக்டர் கண்ணுக்கு முன்னாடி செய்யலாம், தனியா ஊசி போட வேண்டாம். ஊரே "ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்"னு கெஞ்சும். ஊசி மருந்தே கொண்டு போகாதீங்க, சண்டையே வராது.

எடைமெஷினை மண் தரையில வைச்சா ரெண்டு கிலோ வித்தியாசம் காட்டும். ஒரு பலகை, இல்லாட்டி கிளினிக் சிமென்ட் படி. குழந்தைக்கு மேல்கை சுத்தளவு நாடா எடுத்துட்டுப் போங்க, 6 மாசத்துலேர்ந்து 5 வயசு வரைக்கும். 11.5 செ.மீ.க்குக் கீழன்னா சத்துமாவு குடுத்து அனுப்பற விஷயமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

---

சட்டத்துக்குள்_ஊழியம் எழுதியது:

வெளிநாட்டு விருந்தினர் பற்றி. ஓசிஐ கார்டு இருந்தால் இந்தியாவுக்கு வரவும் போகவும் தடையில்லை, ஆனால் 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி மிஷனரி பணி, தப்லீக் (இஸ்லாமியப் பிரசாரப் பணி), மலையேற்றம், பத்திரிகைப் பணி போன்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவிடமோ அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ விண்ணப்பிக்கலாம். அமெரிக்க நண்பருக்கு இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத குறுகிய காலத் தன்னார்வப் பணிக்கு ஒரு பிரிவு உண்டு, ஒரு மாதத்துக்கு மிகாமல். நோக்கத்தை விண்ணப்பத்திலேயே அப்படிக் குறிப்பிட்டிருக்கணும். மத ஊழியம் அதில் வராது. அங்கே நர்ஸ் என்பதால் இங்கே நர்ஸாக முடியாது, இங்குள்ள கவுன்சிலில் பதிவில்லாமல் நோயாளியைத் தொடும் வேலை கொடுக்காதீர்கள். உறை எழுதலாம், எடை பார்க்கலாம். அவர் தங்கும் இடத்தார் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதியவேண்டும், அதைச் சிஸ்டர் தலையில் கட்டாமல் நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.

இருவரும் அன்பாகக் கிளினிக்குக்குப் பணம் கொடுக்கப் பார்ப்பார்கள். ஓசிஐ வைத்திருப்பவர் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன். அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. கிளினிக் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருந்து, டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கு வழியாக வந்தால்தான் வாங்கலாம். ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அப்படியே.

அனுமதிக்கு வட்டார மருத்துவ அலுவலர், ஊராட்சித் தலைவர் இருவருக்கும் கடிதம், கூடவே டாக்டர்களின் பதிவு எண் நகல். பள்ளிக்கூடத்தில் வைப்பதானால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது. ஒலிபெருக்கி கட்டினால் காவல் நிலையத்திலும் சொல்லணும், கட்டாமல் இருப்பது எல்லாவற்றுக்கும் நல்லது.

நோட்டீஸில் "இலவச மருத்துவ முகாம்", நாள், இடம், யார் நடத்துகிறார்கள் என்பது மட்டும் போடுங்கள். "அற்புத சுகம்", "தீராத நோய் தீரும்" என்று அச்சடிப்பது 1954ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில் போய் மாட்டும். எந்தச் சபை என்பதை மறைக்கவும் வேண்டாம். மறைத்துவிட்டு உள்ளே பாட்டுப் பாடினால்தான் ஊரில் சந்தேகம் வரும்.

ஜெபம்: காலையில் குழு மட்டும், டோக்கனுக்கு முன்னால், கிளினிக்குக்குள். நோயாளிகளுக்கு மருந்து வாங்கி முடித்த பிறகு, தனி இடத்தில், அவர்களாகக் கேட்டால். பதிவுக்கும் டாக்டருக்கும் நடுவில் ஜெப மேசை போட்டால் "ஜெபம் பண்ணாத்தான் மருந்து" என்று ஊர் புரிந்துகொள்ளும், அவர்கள்மேல் தப்பில்லை. கேட்டவருக்கு ஜெபிக்கும்போதும் மருந்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வரக்கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும், டிபி மருந்தைப் பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபி ஆகும். குழந்தைகளுக்கு மிட்டாயோடு கைப்பிரதி கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நோயாளி முகம் தெரியும் போட்டோ வேண்டாம், குழு வாட்ஸப்பிலும்கூட.

---

தாம்பரம்_வாலிபர் எழுதியது:

மிகவும் நன்றி ஐயா, அக்கா. 110 டோக்கன், புதன் வியாழன் என்று கமிட்டியில் மாற்றிவிட்டோம், சாம்பிள் பெட்டியும் ஏறாது. இன்னும் இரண்டு கேள்வி. பல் டாக்டர் நாற்பது பல் வரை பிடுங்கமுடியும் என்கிறார். படிக்கிற கண்ணாடி கொடுக்கலாமா? பழைய கண்ணாடி சபையில் நிறைய இருக்கிறது.

---

கடவாய்ப்பல் எழுதியது:

எத்தனை பல் பிடுங்கலாம் என்பது டாக்டர் கையில் இல்லை, எத்தனை செட் கருவி இருக்கிறது என்பதில்தான். உறையிட்ட செட்டுக்கு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம், சூடேறவும் ஆறவும் சேர்த்தால் ஒரு சுற்று ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். கொதிக்க வைத்த தண்ணீரும் டெட்டாலும் கிருமிநீக்கம் ஆகாது. பத்து செட் இருந்தால் முதல் நாள் பத்துப் பல். அதுவும் கிளினிக்கில், காலையில் மட்டும், கடைசிப் பல் மதியம் 12 மணிக்குள். பிடுங்கியபின் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கணும். நாலு மணிக்குப் பிடுங்கி அனுப்பினால் ராத்திரி ஒன்பது மணிக்கு ரத்தம் கசியும்போது நீங்கள் ஜெபக்கூட்டத்தில் இருப்பீர்கள், அவர் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பார். கட்டி ரத்தத்தைத் துப்பக்கூடாது, வெற்றிலை பாக்கு 24 மணி நேரத்துக்கு ஆகாது, பஞ்சை அரை மணி கடித்தே இருக்கணும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்று கேட்காமல் ஊசி போடாதீர்கள். வாய்க்குள் வெள்ளைப் படை, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் என்றால் அவருக்குத்தான் உங்கள் டாக்டர் அதிக நேரம் கொடுக்கணும்.

---

மலையடி_மருத்துவர் எழுதியது:

பழைய கண்ணாடி வேண்டாம். இரண்டு கண்ணுக்கும் இரண்டு பவர், கீறல் விழுந்த லென்ஸ், தலைவலிதான் மிஞ்சும். புது ரெடிமேட் கண்ணாடி மொத்தத்தில் மலிவு. +1.50, +2.00, +2.50 தலா 25, +1.00, +3.00 தலா 10 போதும். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துப் படிக்காதவர்களிடம் ஊசியும் நூலும் கொடுங்கள், அல்லது ஒரு தட்டில் சாமை அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கச் சொல்லுங்கள். கல் சரியாகக் கைக்கு வருகிற குறைந்த பவரே அவருக்குப் போதும், கூடுதல் பவர் கொடுத்தால் தட்டை மூக்கருகே கொண்டுபோவார். "இதைப் போட்டு நடக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தால் புரை, அதற்குக் கண்ணாடி கிடையாது, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு.

சீட்டு எழுதினால் மட்டும் யாரும் மலை இறங்கமாட்டார்கள். மருந்துப் பணத்தில் 20,000 எடுத்துத் தனியே சிஸ்டரிடம் வையுங்கள், இருவருக்குப் பஸ் செலவு, அங்கே சாப்பாடு. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த அறை என்று சீட்டிலேயே இருக்கட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. கடைசிச் சான்றுக்குத்தான் அலைச்சல், உங்கள் ஐடி பையன்கள் இரண்டு பேர் லேப்டாப்போடு கிளினிக் வராண்டாவில் மூன்று நாள் உட்கார்ந்தால் அதை விண்ணப்பித்துக் கொடுக்கலாம். முகாமைவிட உருப்படியான வேலை.

மற்ற மூன்று நாளும் சிஸ்டர் சொல்கிற வேலைதான். அநேகமாக அந்த மர அலமாரியைக் காலி செய்து காலாவதி தேதி வாரியாக அடுக்குவது, முந்தித் தீர்வது முன்னால். பழைய நோட்டிலிருக்கும் பிரஷர், சர்க்கரை நோயாளிகள் பெயரை ஒரே பட்டியலாக்குவது. எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் மட்டம் பார்த்து, தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி எதுவும் வைத்திருந்தால் அதற்குத் தனி ஸ்விட்ச் போட்டு, "அணைக்காதே" என்று சிவப்பில் எழுதி ஒட்டட்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு போளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே தேடினால் கிடைக்காது.